பூட்டிய வீடுகளும் மறுவாழ்வு இல்லமும்: எங்கள் தாமான் குடியிருப்பாளர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

பீடோங், கெடா

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களுக்கும் செயலவை உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் தாமானின், அதாவது நம் குடியிருப்புப் பகுதியின், நுழைவாயிலில், பொது மண்டபத்துக்கு எதிரே, சென்ற மாதம் நீங்கள் கட்டிய பதாகையை வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் படித்துவருகிறேன். கடைசி வரிசையில் உள்ள மூலை வீட்டை வாடகைக்கு எடுத்து, போதைப்பழக்கத்திலிருந்து மீண்டுவரும் பன்னிரண்டு பேரைத் தங்கவைக்க ஒரு தொண்டு அமைப்பு முன்வந்திருக்கிறது. அதை அனுமதிக்கக் கூடாது என்பது பதாகையின் செய்தி. அதே செய்தியோடு ஒரு மனுவும் வீடு வீடாக வந்தது. பிள்ளைகளின் பாதுகாப்பு, திருட்டு, வீடுகளின் விலை இறங்கிவிடும் என்ற அச்சம் ஆகிய மூன்று காரணங்களை அதில் எழுதியிருந்தீர்கள். மனுவைக் கொண்டுவந்த அண்ணன், மூன்றாவது காரணத்தின்மேல் விரலை வைத்து, "நீங்கதானே வீடு வாங்கி விக்கிறவரு, உங்களுக்குத்தான் முதல் அடி, கையெழுத்துப் போடுங்க" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். யோசித்ததை இங்கே எழுதுகிறேன்.

என்னைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரியும். இங்கிருந்து நாலு மைல் தொலைவில், இன்று செம்பனையும் தொழிற்பேட்டையும் ஆகிவிட்ட ஒரு தோட்டத்தின் லயத்தில் பிறந்தவன். அம்மா பால்மரம் வெட்டினார், அப்பா மருந்து அடித்தார். தோட்டம் கைமாறியபோது கிடைத்த இழப்பீட்டோடு சேமநிதிப் பணத்தையும் சேர்த்து, இந்தத் தாமானில் ஒரு மாடித் தொடர்வீடு ஒன்றை வாங்கினார்கள். சுங்கைப்பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். வீடு வாங்கிச் சரிசெய்து விற்கும் வேலையில் நான் இன்னும் கற்றுக்குட்டிதான். இதுவரை இரண்டே வீடுகள். ஆனாலும் நம் மனுவின் மூன்று காரணங்களையும் எனக்குப் புரியவைத்தவை அந்த இரண்டு வீடுகள் என்பதால், கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் வீட்டை 2021-இல் லெலோங்கில், அதாவது கடன் கட்டாத வீடுகளின் ஏலத்தில் எடுத்தேன். இரண்டு லட்சம் ரிங்கிட்டுக்கு முதலில் ஏலம் விடப்பட்டு, கேட்பார் இல்லாமல் ஒவ்வொரு முறையும் பத்து விழுக்காடு குறைந்து, நான்காவது ஏலத்தில் 145,800 ரிங்கிட்டில் நின்றது. பத்து விழுக்காட்டுக்கு வங்கிக் காசோலை எடுத்துக்கொண்டு போனேன், போட்டிக்கு ஆள் இல்லை, சுத்தியல் விழுந்தது. மீதத்தை 120 நாளுக்குள் செலுத்த வேண்டும், தவறினால் வைப்புத்தொகை போய்விடும் என்பது விற்பனை அறிவிப்பிலேயே இருந்தது. அதைவிட முக்கியமான வாசகம் ஒன்றும் இருந்தது: வீடு "உள்ளது உள்ளபடி" விற்கப்படுகிறது. ஏலத்துக்கு முன் உள்ளே போய்ப் பார்க்க முடியாது. சன்னல் கண்ணாடிப் பட்டைகளின் இடுக்கில் கைப்பேசி விளக்கைப் பிடித்து, தெரிந்த மட்டும் பார்த்துவிட்டு, இருபத்தையாயிரம் செலவாகும் என்று கணக்குப் போட்டேன். உள்ளே போனபின்தான் கூரைக்கு மேலே ஓடிய வயர் முழுவதும் உருவப்பட்டிருந்ததும், சமையலறைப் பைப்பின் கழுத்து அறுக்கப்பட்டிருந்ததும், பழைய உரிமையாளர் நகராண்மைக் கழக அனுமதி இல்லாமல் பின்புறத்தை நீட்டிக் கட்டியிருந்ததும் தெரிந்தன. செலவு நாற்பத்தோராயிரத்தில் முடிந்தது. பதினொரு மாதம் கழித்து 218,000-க்கு விற்றபோது, வாங்குபவரின் வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் அந்த நீட்டிப்பைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. முத்திரைவரி, வழக்கறிஞர் கட்டணம், முகவரின் மூன்று விழுக்காடு, வங்கி வட்டி, நிலுவையில் கிடந்த மதிப்பீட்டு வரி, கடைசியாகச் சொத்து ஆதாய வரி என எல்லாம் போனபின் கையில் நின்றது ஏறக்குறைய பத்தாயிரம் ரிங்கிட். கைப்பேசியில் வீடு விற்பனை வகுப்பு நடத்துகிறவர்கள் சொல்லும் தொகைக்கும் இதற்கும் எட்டாத தூரம்.

இந்தக் கணக்கில் எழுதப்படாதது ஒன்று உண்டு. அந்த வீடு ஏலத்துக்கு வந்ததே, மூத்த மகன் பிடிபட்டு, அவனுக்காக வழக்கறிஞர், அபராதம், மறுவாழ்வு என்று அலைந்த தாய் தவணையைத் தவறவிட்டதால்தான். அலமாரியின் அடித்தட்டில் அந்த அம்மா விட்டுப்போன நோட்டுப் புத்தகத்தில் மாதம் மாதம் வட்டிக்கு வாங்கியவை எழுதப்பட்டிருந்தன. எனக்குக் கிடைத்த பத்தாயிரம் அந்த நோட்டுப் புத்தகத்திலிருந்தும் வந்தது என்பதை மறைத்துவிட்டு உங்களுக்கு அறிவுரை எழுத எனக்குத் தகுதியில்லை.

இரண்டாவது வீட்டை 2023-இல் வாங்கினேன். அது நம் தாமானிலேயே, ஐந்தாவது வரிசையில் இருக்கிறது. எது என்று உங்களுக்குத் தெரியும். இந்த முறை அவசரப்படக் கூடாது என்று முடிவு செய்தேன். குடிமகன் ஒருவர் வாங்கிய வீட்டை மூன்று ஆண்டுக்குள் விற்றால் ஆதாயத்தில் 30 விழுக்காடு வரி, நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15. ஆறாம் ஆண்டு முதல் வரியே இல்லை. வீட்டை வாங்கி உடனுக்குடன் விற்று விலையை ஏற்றிவிடுகிறவர்களைக் கட்டுப்படுத்தவே இந்த ஏற்பாடு. எனக்கு அறிவுரை சொன்ன முகவர் அதையே திருப்பிப் போட்டார்: "பூட்டி வச்சிடுங்க, 2028-இல் திறங்க." வாடகைக்கு விட்டால் வீடு கெடும், வாடகைக்காரர் போக மறுப்பார் என்றும் பயமுறுத்தினார். நானும் இரண்டு பூட்டுப் போட்டு, புல்லைக்கூட வெட்டாமல் விட்டேன். என் பணத்தில் வாங்கிய வீடு, என் பெயரில் இருக்கும் பத்திரம், என் விருப்பம் என்றுதான் நினைத்திருந்தேன்.

பதினான்காம் மாதம் எதிர்வீட்டுப் பாட்டி என் அம்மாவிடம் சொல்லியனுப்பினார்: "தம்பி வீட்டுல ராத்திரியில விளக்கு மினுக் மினுக்குனு எரியுது, கரண்ட்டு இல்லாத வீட்டுல எப்படி எரியும்னு கேளு." மறுநாள் வேலைக்குப் போகுமுன் திறந்து பார்த்தேன். முன்பூட்டு இருந்தது, பின்கதவின் கீல் கழற்றப்பட்டு, கதவு சாத்திவைக்கப்பட்டிருந்தது. கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று, தெருவைப் பார்க்கும் சன்னலோரம் இழுத்துப் போடப்பட்டிருந்தது. காவல் இருந்தவனின் இடம் என்று ஊகித்தேன். தரையில் கருகிய அலுமினியத் தாள்கள், மூடியில் இரண்டு துளை போட்டு உறிஞ்சுகுழல் சொருகிய தண்ணீர்ப் போத்தல், தீர்ந்த லைட்டர்கள் பதினேழு. மூலையில் ஒரு போர்வை விரித்து, மடித்த சட்டை ஒன்றைத் தலையணையாக வைத்து யாரோ உறங்கியிருந்தார்கள். சட்டைப்பையில் ஒரு தொழிற்சாலையின் ஊழியர் அட்டை இருந்தது. அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். அவனுடைய அம்மாவும் என் அம்மாவும் ஒரே நிரையில் பால்மரம் வெட்டியவர்கள்.

போலீசில் புகார் செய்தேன். வந்த அதிகாரி முதலில் கேட்டது, "சாவி யாரிடம் இருக்கிறது?" என்பது. 1952-ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தில், ஓர் இடத்தில் மறைத்துவைக்கப்பட்ட பொருள் அங்கே குடியிருப்பவருக்குத் தெரிந்தே இருந்தது என்று முதலில் எடுத்துக்கொண்டு, இல்லை என்று மெய்ப்பிக்கும் சுமையை அவர் தலையில் வைக்கும் விதி இருக்கிறது. ஹெரோயின் என்றால் 15 கிராம், ஐஸ் என்னும் மெத்தாம்ஃபெட்டமைன் என்றால் 50 கிராம், கஞ்சா என்றால் 200 கிராம் எட்டிவிட்டால் அது கடத்தலாகக் கருதப்படும். 2023 சூலை வரை அதற்குக் கட்டாய மரண தண்டனையே பொதுவிதியாக இருந்தது, இப்போதுதான் நீதிபதிக்கு முழு விருப்புரிமை கிடைத்திருக்கிறது. என் வீட்டில் கிடந்தது தாளும் போத்தலும் மட்டுமே. ஆனால் பூட்டிய வீட்டைப் பற்றி நான் போட்டிருந்த லாபக் கணக்கில் இப்படியொரு வரியே இல்லாதிருந்தது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அந்தப் பையனைப் பிடித்தார்கள். சிறுநீர்ப் பரிசோதனையில் ஐஸ் தெரிந்தது. தானே உட்கொண்ட குற்றத்துக்குச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி ஐயாயிரம் ரிங்கிட் வரை அபராதமோ இரண்டாண்டு வரை சிறையோ விதிக்கலாம், அதன்பின் கண்காணிப்பும் உண்டு. அவனுக்கு அபராதம் விழுந்தது. அவன் அம்மா தாலிக்கொடியை அடகுக்கடையில் வைத்துக் கட்டினார். வழக்குக்காக நாலு முறை விடுப்பு எடுத்ததில் தொழிற்சாலை வேலை போனது. குற்றப்பதிவு இருப்பதால் அடுத்த தொழிற்சாலை எடுக்கவில்லை. இன்று அவன் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள் கழுவுகிறான். இரண்டு முறைக்கு மேல் இப்படிப் பிடிபட்டவருக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்த வாசல் வரைக்கும் அவனைக் கொண்டுபோய் விடுவதில் புகார் கொடுத்த எனக்கும் பங்கு உண்டு. அவனுக்கு அதை விற்றவன் யார் என்று இன்றுவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

உங்கள் மனுவில், "போதைப்பொருளைச் சட்டபூர்வமாக்கத் துடிக்கும் கூட்டத்துக்கு நம் தாமான் இடங்கொடாது" என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. மறுவாழ்வு இல்லத்துக்கும் சட்டபூர்வமாக்கலுக்கும் தொடர்பே இல்லை என்பதைச் சொல்லிவிட்டு, அந்த விவாதத்தையும் தொட வேண்டும். ஏனென்றால் நம் வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியில் அதைத்தான் பார்க்கிறார்கள். "என் உடம்பு, என் விருப்பம், அரசுக்கு இதில் என்ன வேலை?" என்று ஒருவர் கேட்டால், அதைக் கிறுக்குத்தனம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. பூட்டிய வீட்டைப் பற்றி நான் சொன்னதும் அதே வாக்கியம்தான். அவன் விருப்பம் அவன் அம்மாவின் தாலிக்கொடி வரைக்கும் போனது; என் விருப்பம் எதிர்வீட்டுப் பாட்டியின் உறக்கம் வரைக்கும் போனது. இதில் அவனுடைய விருப்பத்துக்கு மட்டும் லாக்கப், என்னுடையதற்கு ஆறாம் ஆண்டில் வரி விலக்கு.

அதற்காகக் கடை திறந்து விற்கலாம் என்ற கட்சிக்கு நான் போகவில்லை. சட்டபூர்வமாக விற்றால் என்ன நடக்கும் என்று தோட்டத்தில் பிறந்தவனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் அரசே அபினைத் தயாரித்துச் சீனத் தொழிலாளருக்கு விற்றது. நமக்குத் தோட்டத்துக்குள்ளேயே உரிமம் பெற்ற கள்ளுக்கடை இருந்தது. கூலி கொடுத்த நாளில் கொடுத்த பணம் அந்தக் கடை வழியாகவே திரும்பிப் போனது. யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை, எல்லாம் அவரவர் விருப்பம்தான். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு சேர்த்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள். போர் முடிந்தபின் நம் பீடோங் வட்டாரத்திலேயே, ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தது. 1947-இல் அது போலீசாருடன் மோதல் வரைக்கும் போனது. அந்த மறியலில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். அவர்கள் எதிர்த்து நின்றது விற்கிறவனையும், விற்க உரிமம் கொடுத்தவனையும். நம் பதாகையைத் திரும்பவும் படித்துப் பாருங்கள்; அதில் விற்கிறவனைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

விற்பதற்கு உரிமம், உட்கொள்பவனுக்குச் சிறை என்ற இரண்டுக்கும் நடுவில் வேறு வழியும் இருக்கிறது. போர்த்துகல் நாடு 2001 சூலை முதல் அதைத்தான் செய்கிறது. அங்கே போதைப்பொருள் சட்டபூர்வமானதன்று, விற்றால் குற்றம்தான். ஆனால் பத்து நாள் சொந்தப் பயன்பாட்டு அளவுக்குள் வைத்திருந்து பிடிபட்டவர் நீதிமன்றத்துக்குப் போகாமல், சட்டம், நலவாழ்வு, சமூகப்பணி அறிந்தவர்கள் அமர்ந்த ஒரு குழுவின்முன் போகிறார். குற்றப்பதிவு எழுதப்படுவதில்லை, சிகிச்சைக்கு வழி காட்டப்படுகிறது. நம் நாட்டிலும் 2019 சூனில் அன்றைய சுகாதார அமைச்சர் டாக்டர் சுல்கிஃப்ளி அஹ்மாட், சொந்தப் பயன்பாட்டுக்கான சிறு அளவைக் குற்றமாகக் கருதாத திசையில் அரசு போகும் என்று அறிவித்தார்; கடத்தலுக்கு அது பொருந்தாது என்பதையும் தெளிவாகச் சொன்னார். அடுத்த ஆண்டே ஆட்சி மாறியது, பேச்சு அடங்கியது.

எதிர்ப்பக்கத்துச் சான்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் செயலவையில் யாராவது சொல்வீர்கள். அமெரிக்காவின் ஓரிகான் மாநிலம் 2020-இல் மக்கள் வாக்கெடுப்பின்மூலம் இதைச் செய்துவிட்டு, 2024 செப்டம்பரில் மீண்டும் குற்றமாக்கியது. சிகிச்சை இடங்களை முதலில் திறக்காமல் தண்டனையை மட்டும் எடுத்தால், மக்கள் வீதியில் பார்ப்பது வீதியில் கிடப்பவரைத்தான். தாய்லாந்து நம்மிடமிருந்து ஒன்றரை மணி நேர ஓட்டத்துக்குள் இருக்கிறது. 2022 சூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கிக் கடைகளைப் பெருகவிட்டு, 2025 சூனில் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று திரும்பியது. இந்த இரண்டையும் பார்த்து, "பார்த்தீர்களா, இடம் கொடுத்தால் இப்படித்தான்" என்று சொல்வது எளிது. எனக்கு அவற்றில் தெரிவது வேறு: முதலில் வர வேண்டியது படுக்கையும் மருத்துவரும் தங்கும் வீடும். நீங்கள் வேண்டாம் என்று பதாகை கட்டியிருப்பது அந்தத் தங்கும் வீட்டுக்குத்தான்.

ஹெரோயினுக்கு மாற்றாகக் கொடுக்கும் மெதடோன் மருந்து 2005 முதல் அரசாங்க மருத்துவ நிலையங்களில் கொடுக்கப்படுகிறது, அது போதாதா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். ஹெரோயினுக்கு அது உதவுகிறது. தினமும் வந்து குடித்துவிட்டு வேலைக்குப் போகிறவர்களை எனக்குத் தெரியும். ஆனால் ஐஸுக்கு அது மருந்தாகாது. ஐஸை விட்டவனுக்கு முதல் மாதங்களில் வேண்டியது, பழைய கூட்டாளிகள் தேடி வராத ஒரு கூரை, நேரத்துக்கு உணவு, உறக்கம், ஒரு வேலை, தளரும்போது பேச ஓர் ஆள். என் இரண்டாவது வீட்டின் மூலையில் போர்வையை விரித்துப் படுத்திருந்தவனும் ஒரு கூரையைத்தான் தேடி வந்திருந்தான்.

இனி உங்கள் அச்சங்களுக்கு வருகிறேன். அவை பொய்யானவை என்று நான் சொல்லமாட்டேன். மூன்றாவது வரிசையில் சென்ற ஆண்டு ஏர்கோனின் செம்புக் குழாயை அறுத்துக்கொண்டு போனார்கள். வயதுவந்த பெண்பிள்ளை இரவுப்பணி முடிந்து வரும்போது அம்மா வாசலில் நிற்கிறார். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்க எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்தத் திருட்டுகளைச் செய்தவர்கள் இரவில் எங்கே இருந்தார்கள் என்று பாருங்கள். பெயர்ப்பலகை மாட்டிய, பொறுப்பாளர் தங்கிய, யார் எத்தனை மணிக்கு வந்தார் என்று ஏடு எழுதிய வீட்டிலா, அல்லது என்னைப் போன்ற ஒருவன் பூட்டிவிட்டுப் போன வீட்டிலா? நம் தாமானில் நான் எண்ணிப் பார்த்த வரைக்கும் ஒன்பது வீடுகள் ஆள் இல்லாமல் கிடக்கின்றன. இரண்டு, வாரிசுகள் வழக்கில். மூன்று, வங்கி ஏலத்துக்காகக் காத்திருப்பவை. மீதி நான்கு, என்னுடையதையும் சேர்த்து, விலை ஏறட்டும் என்று பூட்டிவைக்கப்பட்டவை. இந்த ஒன்பதில் ஐந்தில் பின்கதவு இல்லை. "போர்ட்" என்று பையன்கள் சொல்லும் இடங்கள் இவைதான். இதற்கு எதிராக ஒரு பதாகையும் நாம் கட்டியதில்லை.

விலையைப் பற்றி, விற்றவன் என்ற முறையில் ஒரு சொல். வீடு பார்க்க வருகிறவர் காரைவிட்டு இறங்கியதும் முதலில் இருபக்கத்து வீடுகளைப் பார்க்கிறார். முழங்கால் அளவு புல், கழற்றிய கிரில், வாசலில் செருகிக் காய்ந்துபோன ரசீதுகள் இவற்றைப் பார்த்துவிட்டு, உள்ளே வராமலேயே பத்தாயிரம் குறைக்கச் சொன்னவர்கள் உண்டு. அடுத்த தெருவில் யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. மழை பெய்தால் தண்ணீர் நிற்குமா என்று கேட்டார்கள், பள்ளிப் பேருந்து வருமா என்று கேட்டார்கள். ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழக மாணவர்களுக்கு வாடகை வீடு தேடும் பெற்றோர் கேட்பது, தெருவிளக்கு எரியுமா என்பது. கேட்கத் தொடங்கினால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கலாம். விற்பவனாகிய எனக்கு அதில் ஐயாயிரம் குறையலாம். ஐஸில் சிக்கிய மகனை வைத்துக்கொண்டு தவணை கட்ட முடியாமல் அடுத்த வீட்டை லெலோங்குக்கு விடும் அம்மாவின் கணக்கோடு அதைச் சேர்த்துப் பாருங்கள். ஏலத்தில் போன வீட்டின் விலையும் அடுத்த மதிப்பீட்டாளர் கையில் நம் தெருவின் விலையாகத்தான் எழுதப்படும்.

ஆகவே என் வேண்டுகோள்களை வெளிப்படையாகவே வைக்கிறேன். பதாகையை அவிழ்த்துவிட்டு, அந்தத் தொண்டு அமைப்பின் பொறுப்பாளரைக் கூட்டத்துக்கு அழைத்து, இரவில் யார் இருப்பார், எத்தனை மணிக்குக் கதவு சாத்தப்படும், ஒருவர் மீண்டும் பழக்கத்துக்குத் திரும்பினால் என்ன செய்வார்கள், நமக்கு அழைக்க எந்த எண் என்று கேளுங்கள். பதில்கள் எழுத்தில் வரட்டும். ஆறு மாதம் பார்த்து, சொன்னபடி நடக்கவில்லையென்றால் நானே முதல் கையெழுத்துப் போட்டு எதிர்ப்பு மனு எழுதுகிறேன். நாடாளுமன்ற உறுப்பினருக்கு அனுப்பவிருக்கும் மனுவில், மறுவாழ்வு இல்லம் வேண்டாம் என்பதற்குப் பதிலாக, 15-ஆம் பிரிவில் முதன்முறை பிடிபடும் பிள்ளைகளைக் குற்றப்பதிவு இல்லாமல் சிகிச்சைக்கு அனுப்ப வழி செய்யுங்கள், விற்கிறவனைத் தேடிப் பிடியுங்கள் என்று எழுதுங்கள். செயலவையில் இதற்கு உடன்படாதவர்கள் இருப்பீர்கள். சட்டத்தைப் பற்றிய வேறுபாடு இருக்கட்டும், வீட்டைப் பற்றியாவது நாம் உடன்படலாம்.

வீட்டைப் பற்றி நான் கேட்பது கொஞ்சம் கடினமானது, எனக்கும் சேர்த்து. ஆறு மாதத்துக்கு மேல் ஆள் இல்லாத வீடுகளுக்குச் சங்கம் ஓர் ஏடு வைக்க வேண்டும். உரிமையாளரின் எண், சாவி யாரிடம் என்ற விவரம், மாதம் ஒருமுறை திறந்து பார்த்த நாள் அதில் இருக்க வேண்டும். உரிமையாளர் அகப்படாத வீடுகளைப் பற்றி நகராண்மைக் கழகத்துக்கு எழுத வேண்டும். வாடகைக்கு விடத் தயாராக இருப்பவர்களைத் தோட்டத்திலிருந்து வெளியேறும் குடும்பங்களோடு சேர்த்துவைக்கும் வேலையைச் சங்கமே எடுத்துச் செய்யலாம். இது என் சொத்துரிமையில் தலையிடுவது என்று யாராவது எழுந்து சொன்னால், அது உண்மைதான். அந்தத் தலையீட்டுக்கு நான் இணங்குகிறேன்.

அடுத்த கூட்டம் வரும் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு என்று அறிவித்திருக்கிறீர்கள். ஏட்டின் முதல் வரியில் ஐந்தாவது வரிசையில் உள்ள என் வீட்டை எழுதிக்கொள்ளுங்கள். பின்கதவு மாற்றியாகிவிட்டது, புல் வெட்டியாகிவிட்டது. வயர்மேன் இந்த மாதக் கடைசியில் மின் இணைப்புக்கான படிவத்தில் கையெழுத்துப் போடுவார். அதன்பின் வாடகைக்கு விடுகிறேன், 2028 வரை காத்திருக்கவில்லை. பையனின் அம்மாவிடம் முதலில் கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை சாவி ஒன்று எதிர்வீட்டுப் பாட்டியிடம் இருக்கும்.

இப்படிக்கு,
ஐந்தாவது வரிசை வீட்டு உரிமையாளர்